கடைசிக் கூடைக்குப் பிறகு



ஆடிக்காற்று தொடங்கிவிட்டது. செந்தூரா போய் வெகுநாளாகிறது. பங்கனப்பள்ளியும் முடிந்துவிட்டது. ருமானி மட்டும் ஒன்றிரண்டு தள்ளுவண்டிகளில் இன்னும் தெரிகிறது. இனிக் காஞ்சிபுரம் மண்டிக்கு வரப்போவது நீலம்தான். பெரிய பழங்களெல்லாம் வந்து ஆரவாரம் செய்துவிட்டுப் போன பின், சிறிய உருவத்தோடும் ஊரைக் கூட்டும் மணத்தோடும் கடைசியில் வருகிற பழம் அது. ஆண்டு தவறாமல் காய்க்கும். மல்லிகா, ஆம்ரபாலி, ரத்னா, பெரியகுளத்தில் உருவான பி.கே.எம்.1, பி.கே.எம்.2 என்று ஒட்டுக்கலப்பில் பிறந்த பல ரகங்களுக்குத் தாயாகவோ தந்தையாகவோ இருப்பதும் நீலமே. இத்தனை பெருமை இருந்தும் மண்டியில் அதற்கு மரியாதை குறைவுதான். வாங்க வருகிறவர் முதலில் கேட்பது, “உள்ளே வண்டு இருக்குமா?”

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி அந்த வண்டைப் பற்றியவை. மீதிப் பாதி, பழத்தை அறுத்தால் நெளிகிற வெள்ளைப் புழுவைப் பற்றியவை. இரண்டும் ஒன்றுதானே என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இல்லை. இரண்டும் வேறு வேறு பூச்சிகள், வேறு வேறு காலத்தில் காய்க்குள் நுழைகிறவை. ஆனால் இரண்டையும் அடுத்த ஆண்டுக்குத் தூக்கிச் செல்வது ஒரே குறைதான். கடைசிக் கூடை தோப்பை விட்டுப் போன பிறகு நாம் அந்தப் பக்கம் எட்டிப்பார்ப்பதில்லை.

முதலில் வண்டு. மாங்கொட்டைக் கூன்வண்டு என்று வேளாண்துறை சொல்லும். சிறுவயதில் நீலம் தின்றவர்கள் எல்லோரும் பார்த்திருப்போம். தோலில் ஓட்டை இருக்காது, சதையில் கீறல் இருக்காது. கொட்டையைப் பிளந்தால் கருத்த வண்டு ஒன்று சாவகாசமாக நடந்து வரும். எப்படிப் போயிற்று? பிஞ்சு கோலிக்குண்டு அளவில் இருக்கும்போதே தாய்வண்டு வந்துவிடுகிறது. தோலின் மேல் முட்டையிட்டு, பக்கத்திலேயே சிறிதாகக் கீறிவிடுகிறது. கீறலில் வடிகிற பால் முட்டையின் மேல் படிந்து உறைந்து, அதற்குக் காப்பாகிவிடும். பொரிந்த புழு இளஞ்சதை வழியே துளைத்துக்கொண்டு, இன்னும் இறுகாத கொட்டைக்குள் போய்ச் சேர்கிறது. அதன் பிறகு காய் பருக்கிறது, வந்த வழி ஆறித் தூர்ந்துவிடுகிறது, கொட்டையும் இறுகிவிடுகிறது. உள்ளே பருப்பைத் தின்று, கூட்டுப்புழுவாகி, வண்டாகி, வெளியே வரும் நாளுக்காக அது காத்திருக்கிறது.

முன்பருவ ரகங்களில் வண்டு தயாராகும் முன்பே நாம் பழத்தைத் தின்று கொட்டையை எறிந்துவிடுகிறோம். அதனால் சதைக்குச் சேதமில்லை, நமக்கும் தெரிவதில்லை. நீலம் போன்ற பின்பருவ ரகத்தில் பழம் மரத்தில் இருக்கும்போதே வண்டு முதிர்ந்துவிடும். கொட்டையைத் துளைத்து, சதையையும் துளைத்துக்கொண்டு வெளியேறும். அந்தத் துளையில் அழுகல் பிடிக்கும். நீலத்துக்கு வந்த கெட்ட பெயரில் பாதிக்கு அது கடைசியில் பழுப்பதே காரணம்.

ஓர் ஆண்டுக்கு ஒரே தலைமுறை என்பதுதான் இந்த வண்டின் பலவீனம். ஆடியில் வெளிவருவது தை மாசியில் மரம் பூத்துப் பிஞ்சு பிடிக்கும்வரை முட்டையிடாது. அடிமரத்துப் பட்டை வெடிப்பிலும் தோப்புச் சருகிலும் முடங்கிக் கிடக்கும். தொலைதூரம் பறந்து போகிற பழக்கமும் அதற்கு இல்லை. ஊர்விட்டு ஊர் போவது பெரும்பாலும் நம் கையால்தான், பழத்தோடும் கொட்டையோடும். ஆகவே அடுத்த ஆண்டு உங்கள் தோப்பைத் தாக்கப் போகும் வண்டு இந்த ஆண்டு உங்கள் தோப்பிலேயே விழுந்த கொட்டையிலிருந்து வந்ததுதான். ஆடியிலும் ஆவணியிலும் உதிர்ந்த பழத்தையும் கிடக்கும் கொட்டையையும் பொறுக்கி அழித்துவிட்டு, தளர்ந்த பட்டையைச் சுரண்டி அடிமரத்தைச் சுத்தம் செய்தால் பாதி வேலை முடிந்தது. மருந்துக் கடைக்குப் போக வேண்டிய வேலையே இல்லை. நாற்றங்காலுக்குக் கொட்டை சேர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஓட்டை நீக்கிப் பருப்பைப் பார்த்து விதையுங்கள். கன்றோடு வண்டையும் விற்ற பழி நமக்கு வேண்டாம்.

இனிப் புழு. இது பழ ஈயின் புழு. கூன்வண்டு பிஞ்சில் நுழைகிறதென்றால், பழ ஈ நுழைவது முற்றிய காயில், அறுவடைக்குச் சில வாரம் முன்பு. பெண் ஈ ஊசி போன்ற உறுப்பால் தோலைக் குத்தி உள்ளே முட்டைகளைச் செருகிவிட்டுப் போகும். இரண்டு மூன்று நாளில் பொரிந்து, ஒரு வார அளவில் சதையைக் கூழாக்கிவிட்டு, புழு துள்ளி மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகும். கோடை முழுக்க அடங்கிக் கிடந்த ஈ, ஆனி ஆடியில் இரண்டு நல்ல மழை விழுந்து காற்றில் ஈரம் ஏறியதும் பெருகத் தொடங்கும். அதற்குள் முன்பருவக் காய்கள் இறங்கிவிட்டிருக்கும். சுற்றுவட்டாரத்து ஈக்களுக்கெல்லாம் மிஞ்சியிருப்பது நீலம் ஒன்றுதான். பருவம் பிந்தப் பிந்தச் சேதம் ஏறுவது இதனால்தான்.

இந்த ஈயைப் பிடிக்கும் பொறிக்கு ஒரு நல்ல கதை உண்டு. பீகாரில் பூசா வேளாண் ஆய்வு நிலையத்தில் ஹவ்லெட் என்ற பூச்சியியலாளர் இருந்தார். கொசு அண்டாமலிருக்க சிட்ரோனெல்லா எண்ணெய் தடவிய அக்கம்பக்கத்தார் ஒருவரை ஈக்கள் கூட்டமாக மொய்த்தன. கவனித்துப் பார்த்தால் எல்லாம் பழ ஈ, அதிலும் எல்லாம் ஆண். 1912-இல் அதை எழுதினார். 1915-க்குள், எண்ணெயில் இருக்கும் மெத்தில் யூஜினாலே ஈயை இழுக்கிறது என்று கண்டுவிட்டார். இன்று உலகம் முழுக்கத் தோப்புகளில் தொங்கும் பொறிகளுக்கு மூலம் நம் நாட்டில் கொசுத் தொல்லையில் கிடைத்தது என்பதில் எனக்கு ஒரு சிறு மகிழ்ச்சி. துளசியிலும் இந்தப் பொருள் இருக்கிறது. துளசியைக் கசக்கிக் கொட்டாங்கச்சியில் வைத்துக் கட்டும் பழைய வழக்கம் வெறும் நம்பிக்கை அல்ல.

பொறி வைத்தவர்கள் எழுதும் புகாரும் இங்கேதான் பிறக்கிறது. “பொறி நிறைய ஈ விழுகிறது, பழத்தில் புழுவும் இருக்கிறது, பொறி ஏமாற்று வேலை.” ஏமாற்று வேலை இல்லை. பொறியில் விழுவது ஆண் ஈ மட்டும். முட்டையிடுகிற பெண்ணுக்கு அந்த வாசனையில் ஆர்வமே இல்லை. ஆண் அடியோடு குறைந்து பெண்ணுக்குத் துணை கிடைக்காமல் போனால்தான் பயன். அதற்கு ஏக்கருக்குப் பத்துப் பொறியாவது வேண்டும், காய் முற்றத் தொடங்கும் முன்பே கட்ட வேண்டும், பக்கத்துத் தோப்புக்காரரும் கட்ட வேண்டும். 1960-களில் பசிபிக் பெருங்கடலில் ரோட்டா என்ற தீவில் மெத்தில் யூஜினாலும் பூச்சிக்கொல்லியும் ஊறிய அட்டைத் துண்டுகளை விமானத்திலிருந்து போட்டே கீழ்த்திசைப் பழ ஈயை முற்றாக ஒழித்தார்கள். அங்கே சுற்றிலும் கடல். நம் தோப்பைச் சுற்றிலும் இன்னொருவர் தோப்பும், அதற்கப்பால் ஒரு கொய்யாத் தோட்டமும், வேலியோரம் யாரும் பறிக்காத நாட்டுமா ஒன்றும் இருக்கிறதே. தனி ஆளாய்ப் பொறி கட்டுவது ஊர் ஈக்கெல்லாம் விருந்து வைப்பதில் போய் முடியலாம்.

உதிர்ந்த பழத்தை அன்றன்றே பொறுக்கி இரண்டடி ஆழத்தில் புதைப்பதும், மரத்தடியை லேசாக உழுது கூட்டுப்புழுவை வெயிலுக்கும் மைனாவுக்கும் காட்டுவதும் பொறியைவிட ஒரு படி மேலான வேலை என்றே நான் சொல்வேன். ஆனால் இவற்றைச் செய்ய ஆள் வேண்டும். எல்லாம் வந்து சேரும் இடமும் அதுதான்.

திருமுக்கூடல் பக்கம் பாலாற்றங்கரையை ஒட்டித் தோப்பு வைத்திருக்கும் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். தரையெல்லாம் பழம். “பொறுக்கலையா?” என்றேன். “சார், தோப்பு இன்னும் எங்கிட்ட வரல. குத்தகைக்காரர் காவல் குடிசையைப் பிரிச்சிட்டுப் போயிட்டார். ஆனா கெடு ஆடிக் கடைசி வரைக்கும் இருக்கு. நான் உள்ளே போனா நல்லா இருக்காது” என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. குத்தகைக்காரரைக் கேட்டால் அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கும். உச்சிக் கொம்பில் நிற்கும் சின்னக் காயைப் பறிக்க ஆள் கூலி என்ன, அதற்கு மண்டியில் கிடைப்பது என்ன? கணக்குப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். இப்படி, பழ ஈயும் கூன்வண்டும் மும்முரமாக இருக்கும் அந்தச் சில வாரங்கள் தோப்பு கேட்பாரற்றுக் கிடக்கிறது.

நம் பக்கம் மாந்தோப்பு பெரும்பாலும் பூவிலோ பிஞ்சிலோ விலை பேசி முடிகிறது. ஓராண்டுக் குத்தகை என்றால் வாங்கியவருக்கு இந்த ஆண்டுக் காய் மட்டுமே கணக்கு. மரம் அடுத்த ஆண்டு பூக்கிறதா என்பது அவர் கவலை இல்லை. சிலர் பாக்லோபியூட்ரசால் மருந்தை அளவில்லாமல் வேரில் ஊற்றிக் காய்க்க வைத்துவிட்டுப் போவதும், மூன்றாம் வருடம் கொழுந்து குறுகி மரம் சோர்ந்து நிற்பதும் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. குத்தகைக்காரர்களைத் திட்டி எழுதினால் எனக்குக் கைதட்டல் கிடைக்கும். ஆனால் ஓராண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தது யார்? முன்பணம் கைக்கு வந்ததும் பங்குனியிலிருந்து தோப்புப் பக்கம் தலைகாட்டாமல் இருந்தது யார்? உடையவர்கள்மேல்தான் எனக்கு வருத்தம் அதிகம்.

திருமுக்கூடலைச் சொன்னேன். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடம். தை இரண்டாம் நாள் காஞ்சி வரதர் பழைய சீவரம் மலைக்குப் பார்வேட்டைக்கு எழுந்தருளி, பிறகு பாலாற்றைக் கடந்து இங்கே வருவார். சுற்றுவட்டாரப் பெருமாள்களும் வந்து கூடுவார்கள். அந்தக் கூட்டத்தில் அண்ணாந்து பார்ப்பவருக்குக் கரையோர மாமரங்களில் முதல் பூங்கொத்து தெரியும். இவ்வூர் அப்பன் வேங்கடேசப் பெருமாள் கோயிலில் 11-ஆம் நூற்றாண்டு வீரராசேந்திர சோழன் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பதினைந்து படுக்கையுள்ள ஆதுலர் சாலை ஒன்றையும், அதற்கு மருத்துவர் முதல் மூலிகை கொண்டுவரும் ஆள் வரைக்கும் இன்னாருக்கு இவ்வளவு என்ற ஏற்பாட்டையும் அது சொல்கிறது. அங்கே இருப்பில் வைத்த மருந்துகளில் கடுக்காயில் செய்தவை பல. வில்வத்தில் செய்த நெய்யும் உண்டு. பழ வியாபாரத்தைப் பற்றி எழுதும் இடத்தில் இதை எதற்கு இழுக்கிறேன் என்றால், அந்தக் கல்வெட்டைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். பச்சிலை பறித்து வருவது யார் வேலை என்பதைக்கூட விடாமல் எழுதி வைத்திருக்கிறார்கள். உதிர்ந்த பழத்தைப் பொறுக்குவது யார் வேலை என்று நம் குத்தகைச் சீட்டு எதிலும் இல்லை.

இவ்வூர்ப் பக்கத்துத் தோப்புகளுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. சுற்றிலும் கல்குவாரியும் கிரஷரும் நடக்கின்றன, நாளெல்லாம் லாரி ஓடுகிறது. இலைமேல் சாம்பல் பூத்தாற்போல் தூசி. தூசி படிந்த இலை வெயிலைச் சரியாக வாங்காது என்பது ஒரு பக்கம். செதில் பூச்சியையும் சிலந்திப் பேனையும் தின்று அடக்கி வைக்கும் நன்மை செய்யும் பூச்சிகள் தூசியில் சரியாக நடமாட முடியாது என்பது இன்னொரு பக்கம். தண்ணீர் வசதி உள்ளவர்கள் பாதையோர வரிசைக்காவது விசைத்தெளிப்பானால் வெறும் தண்ணீரை அடித்து இலையைக் கழுவிவிடுங்கள். மருந்து அடிப்பதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

இன்னும் மரத்தில் காய் வைத்திருப்பவர்களுக்கு அறுவடை பற்றிச் சில. மழை விட்ட ஈரத்தில் பறிக்காதீர்கள். இலையும் காயும் உலர்ந்த பிறகு, வலைக்கூடை கட்டிய அலக்கால், காம்பு ஒரு சென்டிமீட்டராவது நிற்கும்படி இறக்குங்கள். காம்பு ஒட்ட முறிந்தால் பால் வடிந்து தோலைப் பொசுக்கும். அந்தக் காயத்தில்தான் காம்பழுகல் தொடங்கும். மரத்தை உலுக்கி இறக்கிய காயை நல்ல காயோடு சேர்க்கவே கூடாது. பின்பருவத்தில் தோலில் கரும்புள்ளி விழும் ஆந்த்ராக்னோஸ் நோய் மழையோடு வருவது. பறித்த அன்றே 52 டிகிரி வெந்நீரில் பத்து நிமிடம் முக்கி நிழலில் உலர்த்தினால் அது வெகுவாகக் கட்டுப்படும். பழ ஈ முட்டைக்கும் புழுவுக்கும் 48 டிகிரியில் ஒரு மணி நேரம் வேண்டும். இரண்டிலும் தெர்மாமீட்டர் இல்லாமல் கைச்சூட்டைக் கொண்டு பார்க்கிற வேலை வேண்டாம். பழம் வெந்துவிடும்.

கார்பைடு கல்லைப் பற்றி இன்னும் எழுத வேண்டியிருப்பது வெட்கக்கேடு. சட்டப்படி தடை. எத்திலீன் வாயு 100 பி.பி.எம். வரை அனுமதி உண்டு. அறை வசதி இல்லாதவர்கள் கூட்டாகச் சேர்ந்து ஒன்று அமைத்துக்கொள்ளலாம், அல்லது நம் பாட்டிமார் செய்ததுபோல் வைக்கோலில் அடுக்கிப் பொறுமையாக இருக்கலாம். முற்றிய நீலம் தானாகவே பழுக்கிற சாதி.

இந்தப் பூச்சிக் கணக்கெல்லாம் வீட்டுக்குத் தின்கிற பழத்தோடு நிற்பதில்லை. 2014 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் இந்திய மாம்பழத்தை உள்ளே விடமாட்டோம் என்றது. முந்தைய ஆண்டு இங்கிருந்து போன காய்கனிச் சரக்குகளில் 207-இல் பழ ஈ உள்ளிட்ட பூச்சிகளைக் கண்டதாகக் காரணம் சொன்னார்கள். தடை நீங்க அடுத்த ஆண்டு பிறக்க வேண்டியிருந்தது. அமெரிக்கா 2007 முதல் நம் மாம்பழத்தை எடுத்துக்கொள்கிறது, 400 கிரே கதிர்வீச்சு கொடுத்தால்தான். கொட்டைக்குள் உட்கார்ந்திருக்கும் வண்டை வெந்நீர் ஒன்றும் செய்யாது என்பது அவர்களுக்கும் தெரியும். ஏகாம்பரநாதர் கோயில் மாமரத்துக்குப் பெயர்போன நம் காஞ்சியில் பட்டுச்சேலைக் கரை நிறைய மாங்காய் நெய்கிறார்கள். வண்டில்லாத மாங்காய் என்று உத்தரவாதமாக ஏற்றுமதி செய்ய நம்மிடம் இப்போதைக்கு இருப்பது அது ஒன்றுதான் என்று நண்பர் ஒருவர் கிண்டல் செய்வார்.

விலையையும் விட்டுவிட முடியாது. 2025 ஜூனில் பெங்களூரா என்கிற கிளிமூக்கு மாங்காய்க்கு நேர்ந்தது நினைவிருக்கும். விளைச்சல் குவிந்தது, கூழ் ஆலைகள் வாங்கத் தயங்கின, கிருஷ்ணகிரி விவசாயிகள் வீதிக்கு வந்தார்கள். ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டம் வெளிமாநிலக் காய்க்குத் தடை போட்டது. கர்நாடகத்துக்கு மத்திய அரசு குவிண்டாலுக்கு 1,616 ரூபாயை அடிப்படையாக வைத்து, 2.5 லட்சம் டன் வரைக்கும் விலை வித்தியாசத்தை ஈடுகட்ட ஒப்புக்கொண்டது. விலை அப்படி விழும் ஆண்டில்தான் தோப்பில் பழம் அதிகமாகப் பறிக்காமல் விடப்படுகிறது. அப்படி விடப்பட்ட பழம் அடுத்த ஆண்டு ஈயாகவும் வண்டாகவும் திரும்பி வருகிறது. ஒரே நட்டத்தை இரண்டு முறை படுகிறோம்.

ஆவணி புரட்டாசி வேலைகளை உள்ளே தனிக் கட்டுரையாகக் கொடுத்திருக்கிறோம். இங்கே மூன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். காய்ந்த கொம்பையும் நடுவில் அடர்ந்த கிளையையும் கழித்து வெயில் உள்ளே விழச் செய்யுங்கள். நிழல் அடைந்த தோப்பில்தான் தத்துப்பூச்சி தங்கும், இலைப்பிணைப்புப் புழு கூடு கட்டும். அடிமரத்தில் மரத்தூள் தள்ளியிருந்தால் தண்டுத் துளைப்பான் உள்ளே இருக்கிறது. கம்பி விட்டு இழுத்துவிடுங்கள், மரம் பட்ட பிறகு பார்த்துப் பயனில்லை. புரட்டாசி மழையை ஒட்டி எருவையும் உரத்தையும் வைத்துவிடுங்கள். காய்க்கும் மரத்துக்கு ஆண்டுக்கு 50 கிலோ தொழுவுரம் என்பது பல்கலைக்கழகப் பரிந்துரை. வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் நம் ஆற்றோர நிலத்தில் கால் வைக்க முடியாது.

குத்தகைச் சீட்டுக்கு வருகிறேன். அடுத்த தைக்குள் பலர் புதுச் சீட்டு எழுதுவீர்கள். அதில் இரண்டு வரி கூடுதலாக எழுதச் சொல்கிறேன். ஒன்று: காய்ப்பு முடிந்து ஒப்படைக்கும்போது மரத்தில் காயும் தரையில் பழமும் கொட்டையும் இருக்கக் கூடாது, அதுவரை முன்பணத்தில் ஒரு பங்கு உடையவரிடம் நிற்கும். இரண்டு: குத்தகைக்காரர் கெடுவுக்கு முன்பே போக விரும்பினால், அந்தப் பங்கை விட்டுக்கொடுத்துவிட்டுப் போகலாம், அன்றே தோப்பு உடையவர் கைக்கு வந்துவிடும். முடிந்தவர்கள் ஓராண்டுக்குப் பதில் மூன்றாண்டாக எழுதுங்கள். மூன்றாண்டு என்று வந்துவிட்டால் உங்கள் வண்டு அவருடைய வண்டும் ஆகிவிடும்.

இப்படிப்பட்ட நிபந்தனை சில ஊர்களில் வாய்மொழியாகவே நடப்பில் இருக்கிறது என்று கேள்விப்படுகிறேன். உத்திரமேரூர், வாலாஜாபாத் பக்கத்தவர்களும், பழம் அதிகம் விளையும் கிருஷ்ணகிரி, திண்டுக்கல், திருவள்ளூர்க்காரர்களும் உங்கள் சீட்டில் உள்ள வாசகத்தை அப்படியே எழுதி அனுப்புங்கள். பெயர் போட வேண்டாம் என்றால் போடமாட்டோம். குத்தகை எடுப்பவர்களும் எழுதுங்கள். உங்கள் பக்கத்து நியாயம் இந்த இதழில் குறைவாகத்தான் வந்திருக்கிறது. ஆவணி பத்துக்குள் கடிதம் வந்து சேர்ந்தால் புரட்டாசி இதழிலேயே போட்டுவிடலாம்.

அன்புடன்,
ஆசிரியர்